இந்த ஒரு ரூபாய் பிழை நாணயம் அசலா, பட்டறை வேலையா?

போன வாரம் ஆன்லைனில் 1,800 ரூபாய் கொடுத்து, பிழை நாணயம் (அச்சடிக்கும்போதே தவறாக அச்சான காசு) என்று விற்ற ஒரு ரூபாய் ஸ்டீல் காசு ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் சிங்க முத்திரை சரியாக இருக்கிறது, மறுபக்கம் அதே சிங்கம் குழிவாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கிறது, அதனால் வருடமே இல்லை. நகைக்கடைத் தராசில் 4.84 கிராம் (பழைய ஸ்டீல் காசுக்கு இருக்க வேண்டியது 4.85), காந்தத்திலும் ஒட்டுகிறது. ஆனால் எடையும் காந்தமும் காசு அசல் என்றுதான் சொல்லும், பிழை அசலா என்று சொல்லாதே! லென்ஸில் பார்த்தால் குழிந்த சிங்கத்துக்கு அடியில் '1' என்ற எண்ணின் கால் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, ஒழுங்காக அச்சான காசின் மேல் பிறகு சிங்கத்தை அழுத்தினார்களோ என்று அதுதான் உறுத்துகிறது. விற்றவரிடம் கேட்டேன், பதில் இல்லை. மதுரையில் பழைய நாணயக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், அவ்வளவுதான். திருப்பி அனுப்ப நாளை மறுநாள்தான் கடைசி. அந்த '1' தெரிவதை வைத்தே, இது இரண்டு காசை வைஸில் (பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி) வைத்து நெரித்த வேலை என்று முடிவு செய்துவிடலாமா?