குழாயடிக் குழு, தண்டையார்பேட்டை

மாடி வீட்டு அக்கா, மாலை 7.40
அனைவருக்கும் வணக்கம். செவ்வாய்க்கிழமை தண்ணீர் பிடிக்க நின்றபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததையும், குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்ததையும் உங்களில் பலர் பார்த்தீர்கள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 8.4 என்று வந்திருக்கிறது. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே இரத்தசோகை என்று டாக்டர் அம்மா சொன்னார். இரண்டு வருடங்களாகப் படியேறும்போது மூச்சு வாங்கியதை வயதின் மீது பழியாகப் போட்டு, வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

கீழ் வீட்டுப் பெரியம்மா, 7.52
நீ விழாமல் உட்கார்ந்தாயே, அதுவே போதும் அம்மா. எனக்கு மாதந்தோறும் பத்து நாள் உதிரம் போகும். பிள்ளை பெற்ற உடம்பென்றால் அப்படித்தான் என்று என் மாமியார் சொன்னதை நம்பி ஏழெட்டு வருடம் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் ஸ்டான்லி மருத்துவமனையில் கருப்பையில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்து, இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றிய பிறகுதான் அறுவை சிகிச்சையே செய்தார்கள். அதனால்தான் கேட்கிறேன், உனக்கு எத்தனை நாள் போகிறது?

மாடி வீட்டு அக்கா, 7.55
எட்டு நாள், பெரியம்மா. அதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு வந்துவிட்டேன்.

கீழ் வீட்டுப் பெரியம்மா, 7.57
மறுபடியும் போய்ச் சொல். ஏழு நாளைத் தாண்டினால் காரணம் பார்த்தாக வேண்டும். மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

அங்கன்வாடி டீச்சர், 8.10
பெரியம்மா சொல்வது மிகவும் சரி. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. நம் குழுவில் இருபத்தாறு பேர் இருக்கிறோம், கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்கா, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் பாலோடும் சாப்பிடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்திவிட வேண்டாம், அது மாத்திரையின் நிறம்தான். அளவு 12ஐத் தொட்ட பிறகும் டாக்டர் சொல்லும்வரை சில மாதங்கள் தொடர வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும்: பச்சரிசியோ விபூதியோ சிலேட்டுக் குச்சியோ வாயில் போட்டு மெல்லத் தோன்றுகிறதா? அதுவும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

தையல் கடைத் தங்கை, 8.14
டீச்சர், நான் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் பச்சரிசி வைத்திருக்கிறேன். கெட்ட பழக்கம் என்று அம்மா திட்டுவதால் ஒளித்து வைத்துத் தின்கிறேன். பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுத்த மாத்திரையைக் குமட்டுகிறது என்று வாதாமரத்தடியில் போட்டுவிட்டு வந்தவள் நான்.

எதிர் வீட்டு மருமகள், 8.16
எனக்கும் அரிசி களையும்போது ஒரு பிடி வாய்க்குள் போய்விடும். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

மீன்கடை அக்கா, 8.31
இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். விடியற்காலை காசிமேட்டு ஏலத்துக்குப் போய்க் கூடையை இறக்கிவைக்கும் வரை டீயைத் தவிர வேறெதுவும் என் வயிற்றுக்குள் போவதில்லை. தெருவுக்கெல்லாம் மீன் விற்றுவிட்டு, பிள்ளைகளுக்குத் துண்டை வைத்துவிட்டு, நான் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன். ஆறு மாதமாகக் கூடையைத் தூக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாடி வீட்டு அக்கா, 8.34
அக்கா, அதைத் தள்ளிப்போடாதீர்கள். நாளைக் காலை நான் உதிரப்போக்கைப் பற்றிச் சொல்ல மறுபடியும் போகிறேன், நீங்களும் என்னோடு வாருங்கள். தங்கையும் மருமகளும் வரட்டும்.

மீன்கடை அக்கா, 8.36
வியாபாரம் முடிய ஒன்பதரை ஆகிவிடும்.

கீழ் வீட்டுப் பெரியம்மா, 8.37
நாளைக்குக் கடையில் நான் உட்கார்கிறேன். விலையை மட்டும் இரவே எழுதி அனுப்பு.