போஸ்ட்கிரெஸ் மீட்பு நிரலில் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள்: ஒன்றாக்கலாமா?

கேள்வி:

வணக்கம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸ்) தரவுத்தள மென்பொருளின் மூலநிரலில் காப்புநகல் மீட்புக்கான பகுதியைப் படித்துவருகிறேன். ஆவணக் காப்பகத்திலிருந்து டபிள்யூஏஎல் கோப்பை (தரவுத்தள மாற்றங்களின் பதிவை)க் கொண்டுவரும் 'ரீஸ்டோர் ஆர்க்கைவ்டு ஃபைல்' என்ற ஃபங்ஷன், சர்வர் பகுதியில் ஒன்றும், பிஜி ரீவைண்ட் (விலகிப்போன சர்வரின் தரவை மற்றொரு சர்வரோடு ஒத்திசைக்கும் கருவி) பயன்படுத்தும் பொது நிரலில் மற்றொன்றுமாக இருக்கிறது. இரண்டும் ரீஸ்டோர் கமாண்டில் (காப்பகத்திலிருந்து கோப்பை எடுக்க நிர்வாகி அமைத்த கட்டளையில்) கோப்பின் பெயரையும் பாதையையும் பொருத்தி, அதை ஷெல்லில் ஓட்டி, வந்த கோப்பின் அளவைச் சரிபார்க்கின்றன. இவற்றை ஒன்றாக்கி 'காமன்' கோப்பகத்துக்கு நகர்த்தும் பேட்ச் (நிரல் மாற்றக் கோப்பு) ஒன்றை அனுப்பலாமா?

பதில் 1:

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்; ஆனால் கட்டளை தோற்றுப்போகும் இடத்தில் இரண்டின் பாதையும் பிரிந்துவிடுகிறது. சர்வரைப் பொறுத்தவரை தோல்வி என்பது மீட்பின் இயல்பான பகுதி. காப்பகத்தில் அடுத்த கோப்பு இல்லையென்றால், டபிள்யூஏஎல் கோப்புகளை வைத்திருக்கும் தன் பிஜி வால் கோப்பகத்தில் தேடும். ஸ்டாண்ட்பையாக (மாற்று சர்வராக) இருந்தால் பிரைமரியிடமிருந்து (முதன்மை சர்வரிடமிருந்து) நேரடியாகப் பெற முயலும். அளவு குறைவாக வந்த கோப்பைக்கூட, ஸ்டாண்ட்பை நிலையில், இன்னும் நகலாகிக்கொண்டிருப்பதாகக் கருதி மீண்டும் முயலும்.

அதே நேரத்தில், கட்டளை ஏதேனும் சிக்னலால் (இயங்குதளம் அனுப்பும் நிறுத்தக் குறிப்பால்) கொல்லப்பட்டிருந்தால் சர்வர் மீட்பையே நிறுத்திவிடுகிறது. அதைக் 'கோப்பு இல்லை' என்று எடுத்துக்கொண்டால், காப்பகம் முடிந்துவிட்டதாக நினைத்து, பாதி மீட்ட தரவுத்தளத்தைப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடும் அபாயம் உண்டு. இந்தச் சில வரிகளை மிகவும் மதிக்கிறேன். நிரலைச் சுருக்கும் ஆசையில் யாரும் இவற்றைத் தொடக்கூடாது.

பிஜி ரீவைண்டுக்கோ கேட்ட கோப்பு கிடைக்காவிட்டால் வேலையைத் தொடர வழியே இல்லை. பிழையைச் சொல்லிவிட்டு வெளியேறுகிறது. இவ்விரு போக்குகளையும் ஒரே ஃபங்ஷனுக்குள் அடைத்தால், அழைப்பவர் யார் என்று கேட்கும் நிபந்தனைகளே அதில் மிஞ்சும்.

கேட்டவர்:

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் எந்த அளவுக்குப் பொதுவாக்குவது சரி?

பதில் 2:

முடிவெடுக்காத பகுதியை மட்டும் பொதுவாக்க வேண்டும். அது ஏற்கெனவே நடந்திருக்கிறது: 2020இல் வந்த 13ஆம் பதிப்பில், பிஜி ரீவைண்டுக்கு ரீஸ்டோர் கமாண்டைப் பயன்படுத்தும் வசதி சேர்ந்தபோது, கட்டளைச் சரத்தை உருவாக்கும் பகுதி தனியே எடுக்கப்பட்டது. 16ஆம் பதிப்பில் கட்டளையிலுள்ள சதவீதக் குறிகளுக்குப் பதிலாக உரிய மதிப்பைப் பொருத்தும் வேலையும் பொதுவான ஃபங்ஷனாகிவிட்டது.

ஸ்டாண்ட்பை அமைப்புகளை எழுதும் நிரலையும் பாருங்கள். 13ஆம் பதிப்பு முதல் பிஜி பேஸ்பேக்கப் (காப்புநகல் எடுக்கும் கருவி), பிஜி ரீவைண்ட் ஆகிய இரண்டும் அதைப் பகிர்கின்றன. இரண்டுமே பிழை வந்தால் வெளியேறும் முன்முனைக் கருவிகள் (சர்வருக்கு வெளியே தனியாக ஓடுபவை) என்பதால் அங்கே சிக்கல் எழவில்லை. சர்வரும் கருவியும் பகிரும் நிரலில்தான் பிழை அறிவிக்கும் முறை வேறுபடுகிறது. கருவிகளுக்காகத் தொகுக்கும்போது வரையறுக்கப்படும் 'ஃபிரண்ட்எண்ட்' மேக்ரோவைக் கொண்டு அதைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

எதையேனும் நகர்த்துவதாக இருந்தால், நடத்தை மாறாத வெறும் நகர்த்தலை முதல் பேட்ச்சாகவும், மாற்றத்தை இரண்டாவதாகவும் அனுப்புங்கள்; பரிசீலிப்பவர் ஒவ்வொரு வரியும் அப்படியே இடம்பெயர்ந்திருப்பதை எளிதில் உறுதிசெய்துகொள்வார். மேக்ஃபைல், மேசான் ஆகிய தொகுப்பு அமைப்புக் கோப்புகள் இரண்டிலும் புதிய கோப்பைச் சேர்த்துவிட்டு, மீட்புக்கும் பிஜி ரீவைண்டுக்கும் உள்ள டாப் (டிஏபி) எனும் தானியங்கிச் சோதனைகளை ஓட்டிப்பாருங்கள்.