மாந்தளைக்குப் போகிற லாரி

பெகு வீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு, மியான்மர்)
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

ராணி அத்தை (யாங்கோன்): எல்லோருக்கும் வணக்கம். மாந்தளை நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக எங்கள் தெருவில் பழைய துணி மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை லாரியில் ஏற்றிவிடலாமா?

செந்தில் (மாந்தளை): அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள், துணி இப்போதைக்கு வேண்டாம். நேற்று ராத்திரி மழையும் காற்றும். தெருவில் படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் நனைந்துவிட்டார்கள். வீடு விழாதவர்கள்கூட உள்ளே போகப் பயப்படுகிறார்கள், இன்னும் அவ்வப்போது நிலம் ஆடிக்கொண்டே இருக்கிறது. தார்ப்பாயும் கொசுவலையும்தான் முதலில் வேண்டும்.

பெரியப்பா (பெகு): அவன் சொல்வது சரி. 2008 மே மாதம் நர்கீஸ் புயலுக்குப் பிறகு ஐராவதி டெல்டாவுக்குப் போனோம். குளங்களில் கடல்தண்ணீர் ஏறி, குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் இல்லை. யாரோ கொண்டுவந்து போட்ட துணியெல்லாம் வழியில் மழையில் மக்கிக் கிடந்தது. அங்கே இருக்கிறவன் கேட்பதைக் கொடுப்போம்.

ராணி அத்தை: சரி தம்பி. துணியை இங்கேயே இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். வேறு என்ன வேண்டும்?

செந்தில்: குடிதண்ணீர், தண்ணீரில் போடும் குளோரின் மாத்திரை, ஓஆர்எஸ் பொட்டலம். வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது, கழிப்பறை இல்லை, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தாங்காது. பெண்களுக்கு நாப்கின், இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். டார்ச், மாஸ்க்.

இங்கே ஒரு பாட்டி மரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே கொசுவலை கட்டி உட்கார்ந்திருக்கிறார். சோறு கொண்டுபோனால், "சோறு கிடைக்குது தம்பி, என் பிரஷர் மாத்திரை வீட்டுக்குள்ளே மாட்டிக்கிச்சு" என்கிறார். இவரைப் போல நிறையப் பேர்.

மாலதி (மருந்துக்கடை): செந்தில், மாத்திரையின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் கேட்டு அனுப்பு. பழைய அட்டை கிடைத்தால் படம் எடு. பிரஷர், சர்க்கரை மருந்துகளை நான் எடுத்து வைக்கிறேன். மற்றவர்கள் தயவுசெய்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள். தேதி முடிந்த மருந்தைப் பிரித்தெடுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

மணி மாமா: எல்லாம் சரி. முதலில் நம் கோயில் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை மற்றவர்களுக்குப் பார்க்கலாமே?

செந்தில்: மாமா, இங்கே அப்படிப் பிரிக்கவே முடியாது. மார்ச் 28 ரம்ஜான் மாதத்துக் கடைசி வெள்ளி. பகல் 12:50-க்கு 7.7 அளவில் நிலநடுக்கம் அடித்தபோது தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேலேயே பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. தப்பித்தவர்களும் நம் கோயில் ஆட்களும் இப்போது ஒரே பௌத்த மடத்து மைதானத்தில்தான் படுத்திருக்கிறோம். ஒரே அடுப்பு. கறி மீன் சேர்க்காமல் பருப்பும் சோறும் காய்கறியும் சமைக்கிறோம், எல்லோரும் கை நனைக்கலாம். பிக்குகள் பகல் 12 மணிக்கு மேல் சாப்பிட மாட்டார்கள் என்பதால் முதல் பந்தி 11-க்கு.

மணி மாமா: சரி மாப்பிள்ளை, புரிந்தது. அப்படியானால் பருப்பு மூட்டை என் கணக்கு.

பெரியப்பா: இன்னொன்று. வெள்ளிக்கிழமை 11-ஆம் தேதி பங்குனி உத்திரம். அபிஷேகம் வழக்கம்போல நடக்கட்டும். அன்னதானத்துக்கு வாங்கிய அரிசியில் பாதியை லாரியில் ஏற்றினால் என்ன? கோயில் கமிட்டியிடம் நான் பேசுகிறேன்.

ராணி அத்தை: அண்ணே, என் மகனுக்காக வேண்டிக்கொண்ட காவடி இருக்கிறது, அதை விட முடியாது. ஆனால் நான் போடுவதாகச் சொன்ன சோற்றை மாந்தளையிலேயே போடுங்கள். முருகன் எங்கே போட்டாலும் ஏற்றுக்கொள்வான்.

பெரியப்பா: நல்லது ராணி. லாரியில் பேனர் கட்ட வேண்டாம். கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம். பில்லை மட்டும் குழுவில் போடுங்கள்.

செந்தில்: விரைவுச் சாலை பல இடத்தில் பிளந்திருக்கிறது, டிரைவர் வழி மாற்றித்தான் வர வேண்டும். 620 கிலோமீட்டரையும் ஒரே நாளில் ஓட்டச் சொல்லாதீர்கள். மாலதி அக்கா, பாட்டியின் மாத்திரை அம்லோடிபின் 5 மில்லிகிராம்.

மாலதி: இருக்கிறது. தனிப் பையில் பெயர் எழுதி வைக்கிறேன்.

ராணி அத்தை: தார்ப்பாய்க் கடை திறந்திருக்கிறது. மணி அண்ணா, வேனைக் கொண்டுவாருங்கள், நான் கடை வாசலில்தான் நிற்கிறேன்.