ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் 7.9 நொடி, என் லைன் (N Line) 8.9: அப்புறம் அந்தச் சிவப்புக் கோடு எதற்கு?

சத்தமில்லாப்பயணி
நேற்று இரவு டயர் பற்றிய இழையில் நண்பர் சிவப்புக்கோடு போகிறபோக்கில் ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார்: "ஓட்டத் தெரிந்தவன் என் லைன் வாங்குவான். மின்சார கிரெட்டா என்பது சக்கரம் மாட்டிய ஃப்ரிட்ஜ்." அங்கேயே பதில் எழுதினால் டயர்க்காரர்கள் கோபிப்பார்கள். அதனால் தனி இழை.

இது கம்பெனியே சொல்லும் கணக்கு. கிரெட்டா என் லைன்: 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 160 பிஎஸ் (குதிரைத் திறன்), மணிக்கு நூறு கி.மீ. வேகத்தைத் தொட 8.9 நொடி. கிரெட்டா எலெக்ட்ரிக், பெரிய பேட்டரி: 171 பிஎஸ், 7.9 நொடி. பந்தய பேட்ஜ் ஒட்டிய கார், பால் பாக்கெட் வாங்கப் போகிற ஃப்ரிட்ஜிடம் ஒரு முழு நொடி தோற்கிறது. நூறில் போகும்போது ஒரு நொடி என்பது 28 மீட்டர். கிரெட்டா 4.33 மீட்டர் நீளம். இடையில் ஆறு கிரெட்டாவை வரிசையாக நிறுத்தலாம். நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், பம்பரில் அந்தச் சிவப்புக் கோடு எதற்கு?

சிவப்புக்கோடு
வந்துவிட்டார். போன வருடம் நைட்ரஜன் காற்று இழையில் வாங்கியது இன்னும் வலிக்கிறது போல.

ஐயா, சிக்னலில் பச்சை விழுந்ததும் பாய்வதுதான் பெர்ஃபார்மன்ஸ் என்றால் ஆட்டோதான் முதல் பரிசு வாங்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் உள்ளே நுழைந்து, வளைவு முடிகிற இடத்தில் டர்போ பிடித்து இழுக்கும்போது மூன்றாவதுக்குத் தள்ளுகிற அந்தக் கணம் உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது? சாதாரண கிரெட்டா டர்போவுக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான். அந்த எஞ்சினுக்கு ஆறு கியர் மேனுவல் வேண்டுமென்றால் என் லைன்தான் வாங்க வேண்டும். சிவப்புக் கோடு அதற்கு.

சத்தமில்லாப்பயணி
கொல்லிமலைக்கு நானும் போனேன். இறங்கும்போது 58 சதவீதம் இருந்த பேட்டரி அடிவாரத்தில் 62 ஆனது. உங்கள் டேங்கில் எத்தனை லிட்டர் ஏறியது?

28 மீட்டருக்குப் பதில் வரவில்லை.

கணக்குவாத்தியார்_மதுரை
வணக்கம். எனக்கு எந்தக் கட்சியும் இல்லை, ஓட்டுவது பழைய வேகன் ஆர். ஆனால் அந்த 28 தவறு.

எலெக்ட்ரிக் 7.9ஆம் நொடியில் நூறைத் தொடுகிறது. என் லைன் 8.9ஆம் நொடியில் தொடுகிறது. இடைப்பட்ட ஒரு நொடியில் எலெக்ட்ரிக் 28 மீட்டர் போவது சரி. அந்த நொடியில் என் லைன் என்ன, டீக்கடையில் நின்றதா? அதுவும் ஏறக்குறைய 26 மீட்டர் போயிருக்கும். சீரான முடுக்கம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: முதல் கார் நூறைத் தொடும்போது இடைவெளி 12 மீட்டர் சொச்சம், இரண்டாவதும் தொடும்போது 14. மூன்று கிரெட்டா. ஆறு இல்லை.

சிவப்புக்கோடு
வாத்தியார் வாழ்க! ஆறு கிரெட்டாவில் மூன்று பறிமுதல்.

சத்தமில்லாப்பயணி
சீரான முடுக்கம் என்று யார் சொன்னது? மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் தரும். டர்போ மூச்சு வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஆரம்பத்திலேயே விழுகிற இடைவெளி உங்கள் கணக்கில் இல்லை. 28தான்.

கணக்குவாத்தியார்_மதுரை
அதையும் சேர்த்து 16 என்று வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாக. 28 எங்கிருந்து வரும்?

சத்தமில்லாப்பயணி
நூறில் ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர்? பதில் எண் மட்டும் போதும்.

கணக்குவாத்தியார்_மதுரை
27.8. ஆனால் கேள்வியே…

சத்தமில்லாப்பயணி
நன்றி. 28.

கோவை_ஜேடிபி
இரண்டு பேரும் ஸ்டிக்கருக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஹூண்டாயின் என் (N) என்ற எழுத்துக்கு ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. கொரியாவில் அவர்களுடைய நாம்யாங் ஆராய்ச்சிக் கூடம், ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் பந்தயத் தடம், இரண்டின் முதலெழுத்து அது. 2015இல் பிஎம்டபிள்யூவின் வேகக் கார்ப் பிரிவான எம்மிலிருந்து ஆல்பர்ட் பீர்மனையே கூட்டிவந்து வேலை வாங்கினார்கள். 2017இல் ஐ30 என் வந்தது, ஐரோப்பாக்காரர்களே வாயை மூடிக்கொண்டார்கள். அப்புறம் ஐ20 என்: 1.6 டர்போ, 204 பிஎஸ், மேனுவல் மட்டும். நமக்கு என்ன கிடைத்தது? 2021இல் ஐ20 என் "லைன்". 1.0 டர்போ, 120 பிஎஸ். அதே எஞ்சின் பக்கத்தில் நின்ற சாதாரண ஐ20 டர்போவிலும் இருந்தது. சைலன்சர் சத்தத்தையும் சஸ்பென்ஷனையும் கொஞ்சம் மாற்றி, பின்னாலும் டிஸ்க் பிரேக் போட்டு, கோடு கிழித்துக் கொடுத்தார்கள். சாம்பாரில் தண்ணீர் ஊற்றலாம், ரசம் என்று பெயர் வைக்கக் கூடாது.

பேட்ஜ் என்றால் எங்கள் ஊர் கார் நிறுவனம் ஜேயம், டாடாவோடு சேர்ந்து செய்து காட்டியது. 2018, டாடா டியாகோ ஜேடிபி. சாதாரண டியாகோ பெட்ரோல் 85 பிஎஸ், ஜேடிபி 114. விலை 6.39 லட்சத்தில் ஆரம்பம். நூறைத் தொட பத்து நொடிக்குள். என்னுடையது இன்னும் ஓடுகிறது.

சிவப்புக்கோடு
அந்த ஜேடிபியிலும் சிவப்புக் கண்ணாடி மூடி இருந்ததே, அண்ணே? பக்கவாட்டில் ஸ்டிக்கரும் பார்த்த ஞாபகம்.

கோவை_ஜேடிபி
உள்ளே 29 குதிரை அதிகம் கட்டிவிட்டு வெளியே ஸ்டிக்கர் ஒட்டினார்கள். உங்களுக்கு ஸ்டிக்கர் மட்டும். உங்கள் கிரெட்டாவில் எத்தனை குதிரை அதிகம்? 160க்கு 160.

சத்தமில்லாப்பயணி
2020இல் பிஎஸ்6 புகை விதி வந்ததும் படுத்த கடையைப் பற்றி எத்தனை வருடம் பேசுவது? அதே ஜேயம்தான் நானோ உடம்புக்குள் பேட்டரி வைத்து நியோ என்று கொண்டுவந்தது. கோவைக்காரர்களுக்கே மின்சாரத்தின் அருமை தெரிந்திருக்கிறது, உங்களைத் தவிர.

கோவை_ஜேடிபி
நியோவை ஜேடிபி என்று பெயர் வைத்து விற்கவில்லை. நான் சொல்வதே அதுதான்.

நெல்லை_டீசல்
பெரியவர்கள் மீட்டர் கணக்கு முடித்துவிட்டால் கிலோமீட்டருக்கு வரலாமா? தாம்பரத்திலிருந்து நெல்லை 600 சொச்சம். என் டீசல் கிரெட்டாவில் 50 லிட்டர் ரொப்பினால் போய்ச் சேர்ந்து, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு நடை போய்வந்த பிறகும் முள் கால் பங்கில் நிற்கும். உங்கள் 7.9 நொடிக்காரர் எத்தனை இடத்தில் நிற்பார்?

சத்தமில்லாப்பயணி
ஒரு சார்ஜுக்குக் காகிதத்தில் 473 கி.மீ. நூறில் ஏசி போட்டு ஓட்டினால் எனக்கு 340 வரும், மறைக்கவில்லை. திருச்சி தாண்டி ஒரு தடவை, மதுரை பக்கம் ஒரு சின்ன நிறுத்தம். 10லிருந்து 80க்கு 58 நிமிடம் என்று கம்பெனி சொல்கிறது, 50 கிலோவாட் சார்ஜரில். நீங்கள் விக்கிரவாண்டியில் இட்லி சாப்பிடுவதற்கே முக்கால் மணி நேரம் ஆகும்.

நெல்லை_டீசல்
என் மச்சானும் மின்சாரக் காரை நம்பிப் போன பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினான், நானும் கூட இருந்தேன். திருச்சி தாண்டி ஒரு ஓட்டல் வாசல். இரண்டு கன் உள்ள பெட்டி. ஒன்றின் மேல் கோணிப்பையைக் கட்டி வைத்திருந்தார்கள். இன்னொன்றுக்கு மூன்று கார் வரிசை. முதல் கார்க்காரர் 80 தாண்டியும் எடுக்கவில்லை. "குழந்தை சாப்பிடுது சார்" என்றார். எங்கள் முறை வந்தபோது ராத்திரி மணி ஒன்றேகால். ஆப் வாலட்டில் முந்நூறு ரூபாய் போடச் சொன்னது, போட்டோம். கன்னைச் செருகினால் 'கிளிக்' என்கிறது, பச்சை விளக்கு வருகிறது, பத்து நொடியில் சிவப்பாகிறது. வாட்ச்மேன் எழுந்துவந்து, "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க சார், அப்பதான் ஏறும்" என்றார். ஒரு மணி நேரம் நானும் மச்சானும் மாறி மாறி அந்த ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அத்தை காருக்குள் உட்கார்ந்து, "இதுக்கு பஸ்ஸுலயே போயிருக்கலாம்" என்றதை விடிய விடியக் கேட்டோம்.

இட்லி சாப்பிடுகிற நேரம் என்கிறீர்கள். ஒயர் பிடிக்க ஆள் வைத்துவிட்டா சாப்பிடுவது?

சிவப்புக்கோடு
ஹாஹா. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் பின்தங்கினீர்கள் என்று நம் பயணி கணக்குப் போடுவார்.

சத்தமில்லாப்பயணி
ஒரு பெட்டி கெட்டுப்போனதற்குக் கார் என்ன செய்யும்? பெட்ரோல் பங்க்கில் "ஸ்டாக் இல்லை" பலகை பார்த்ததே இல்லையா? இழையின் தலைப்பு 7.9, 8.9. சார்ஜர் புலம்பலுக்கு வேறு இழை இருக்கிறது.

நெல்லை_டீசல்
தலைப்பை நீங்களே வைத்துவிட்டு நீங்களே ஜட்ஜா? எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் ஒரு பிளக் பாயிண்ட் போட அசோசியேஷன் எட்டு மாதமாகக் கூட்டம் போடுகிறது. இதற்கும் தனி இழையா?

சத்தமில்லாப்பயணி
செயலாளரை மாற்றுங்கள். காரை அல்ல.

சிவப்புக்கோடு
வெளிநாட்டில் ஹூண்டாயின் 'என்' (N) பிரிவே மின்சாரத்துக்குப் போய் என்ன செய்தது தெரியுமா? அயோனிக் 5 என். 650 பிஎஸ், 3.4 நொடி, எல்லாம் சரி. ஆனால் எட்டு கியர் இருக்கிற மாதிரி நடித்து உதறுகிறது, ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தம் போடுகிறது. மோட்டார்க்காரனுக்கே கியரில்லாமல் தூக்கம் வரவில்லை. அப்படியிருக்க, என்னிடம் நிஜ கியர் இருப்பது எப்படி ஐயா ஸ்டிக்கர் ஆகும்?

கோவை_ஜேடிபி
அந்த நடிப்பைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது பெயரில் என் மட்டும், லைன் கிடையாது. வாங்குகிறவன் கொடுத்த காசுக்கு 650 குதிரை வருகிறது. பொய்ச் சத்தம் போட்டாலும் அதுதான் நிஜ என். நிஜச் சத்தம் போடுகிற உங்களுடையது பொய் என்.

சிவப்புக்கோடு
ஸ்ரீபெரும்புதூரில் செய்து வருகிற காரை ஜெர்மனித் தடத்தோடு ஒப்பிட்டால் இப்படித்தான் பேச வரும்.

கோவை_ஜேடிபி
முதலில் அது இருங்காட்டுக்கோட்டை. ஃபேக்டரியை ஒட்டிப் பந்தயத் தடமே இருக்கிறது. உங்கள் கார் பிறந்த இடத்திலிருந்து ஹாரன் அடித்தால் கேட்கும். அங்கே ஒரு நாளாவது ஓட்டியிருக்கிறீர்களா?

சிவப்புக்கோடு
இருங்காட்டுக்கோட்டை ஸ்ரீபெரும்புதூர் தாலுகாதானே.

கோவை_ஜேடிபி
அப்படியானால் செட்டிபாளையமும் கோவையும் ஒன்றா?

சிவப்புக்கோடு
ஊர்க்காரர் நீங்களே சொல்லுங்கள், அங்கே இருக்கிற கரி பந்தயத் தடத்துக்குப் போகிறவன் செட்டிபாளையம் போகிறேன் என்கிறானா, கோவை போகிறேன் என்கிறானா?

மட்டுறுத்துநர்
ஊர் எல்லைத் தகராறு வேண்டாம். பொதுச் சாலையில் போட்டி வைப்பது பற்றி யாரும் எழுதக் கூடாது (எனக்கு வந்த தனிமடல்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்).

பழைய_ஃபியஸ்டா
மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ் ஓட்டியவர்கள் இந்த இழையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். 101 பிஎஸ், டர்போ இல்லை, ஒயர் பிடிக்க ஆளும் வேண்டாம்.

சத்தமில்லாப்பயணி
ஃபியஸ்டாக்காரர்கள் வராத இழை இந்தத் தளத்தில் உண்டா? குழந்தைக்குப் பெயர் வைப்பது பற்றி இழை போட்டாலும் "எஸ்" என்று வந்து நிற்பீர்கள்.

திரும்பவும் சொல்கிறேன். வேகத்துக்கென்று ஒரு எழுத்தைக் கண்டுபிடித்து, அதை வேகம் இல்லாத காரில் ஒட்டினால் வேகமான காருக்கு ஒட்ட எழுத்து மிச்சம் இருக்காது. அதே ஷோரூமில், எந்த எழுத்தும் ஒட்டாத, சார்ஜ் மூடி முன்னால் இருக்கிற கார் அதைவிட 28 மீட்டர் முன்னே நிற்கிறது.

கணக்குவாத்தியார்_மதுரை
14.

சத்தமில்லாப்பயணி
வாத்தியார் ஐயா, நீங்கள் தூங்கவில்லையா?

கணக்குவாத்தியார்_மதுரை
பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் இதே தவறைச் செய்திருக்கிறான். அவனுக்கு அரை மதிப்பெண் கொடுத்தேன்.

சிவப்புக்கோடு
அரை கொடுத்தது அதிகம்.

பயணி சார், பேச்சு போதும். இருங்காட்டுக்கோட்டையோ ஸ்ரீபெரும்புதூரோ, தடத்தில் பொதுமக்களை விடுகிற நாள் வந்தால் இரண்டு காரையும் கொண்டுவருவோம். ஆனால் நேர்கோடு மட்டும் இல்லை, பத்துச் சுற்று. ஏழாவது சுற்றில் உங்கள் பேட்டரி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சத்தமில்லாப்பயணி
பத்துச் சுற்று எதற்கு? நூறு வரைக்கும் ஒரே ஓட்டம். தலைப்பு அதுதான்.

சிவப்புக்கோடு
வளைவு என்றதும் பயம்.

நெல்லை_டீசல்
தடத்துக்குப் போக சார்ஜ் இருக்குமா?

சத்தமில்லாப்பயணி
என் வீட்டிலிருந்து 38 கி.மீ. உங்கள் அத்தையையும் கூட்டிவாருங்கள், ஏசியில் உட்காரட்டும்.

கணக்குவாத்தியார்_மதுரை
நான் வருகிறேன். பள்ளியில் 30 மீட்டர் அளவு நாடா இருக்கிறது, கேட்டு வாங்கி வருகிறேன். பாதிக்கு மேல் சுருட்டியபடியே இருக்கும்.

சத்தமில்லாப்பயணி
இரண்டாக எடுத்து வாருங்கள். ஒன்று போதாது.