இடுப்பில் லைசென்ஸ் துப்பாக்கி, இருட்டு பார்க்கிங்கில் சந்தேக ஆள்: நான் செய்தது சரியா?

மாந்தோப்பு_பர்கூர்:
நண்பர்களே, போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மாம்பழ சீசன். காவேரிப்பட்டணம் மண்டியில் கணக்கு முடித்துப் பணப்பையோடு கிளம்பவே ராத்திரி பதினோரு மணி ஆகிவிட்டது. கிருஷ்ணகிரி பைபாஸில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டேன். முன்பக்கம் முழுக்க லாரிகள், அதனால் காரைப் பின்னால் இருக்கும் மண் திடலில் விட்டிருந்தேன். அங்கே விளக்கு கிடையாது.

காரை நெருங்கும்போது லாரி மறைவிலிருந்து ஒருத்தர் வந்தார். "அண்ணா, பெட்ரோல் தீர்ந்துடுச்சு, எரநூறு ரூபா கொடுத்தா ஜிபேல போட்டுடறேன்" என்றார். கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் வலது கை லுங்கி மடிப்புக்குள்ளேயே இருந்தது. பேச்சு என்னோடு, கண் என் பையில். அப்போது இன்னொருத்தர் டிக்கிப் பக்கமாகச் சுற்றி வருவது கார் கண்ணாடியில் தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் பைக் என்று எதுவும் இல்லை.

என்னிடம் கலெக்டர் ஆபீஸில் முறையாக வாங்கிய லைசென்ஸோடு .32 ரிவால்வர் இருக்கிறது. சட்டைக்குள் கைவிட்டுப் பிடியைப் பிடித்தேன். உருவவில்லை. "அங்கேயே நில்லு, கிட்ட வராதே" என்று சத்தம் போட்டேன். சட்டை விலகியதில் உறை அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ரோட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. லைசென்ஸ் கொடுப்பதே இதற்குத்தான் என்பது என் கருத்து.

வக்கீல்_தருமபுரி:
உங்களுக்கு ஒன்றும் ஆகாதது நல்ல விஷயம். ஆனால் நீங்கள் செய்தது சட்டப்படி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் தெளிவாக இருக்கிறது: பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், எடுத்துக் காட்டி மிரட்டக் கூடாது. அந்த இரண்டு பேரில் ஒருவர் நேராக ஸ்டேஷனுக்குப் போய், "பெட்ரோலுக்குக் காசு கேட்டேன், துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்" என்று எழுதிக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? கொன்றுவிடுவேன் என்கிற அளவுக்கு மிரட்டினால், பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 351இல் ஏழு வருடம் வரை போகும். வழக்கு நிற்கிறதோ இல்லையோ, லைசென்ஸை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ ஆயுதச் சட்டம் 17ஆம் பிரிவில் கலெக்டருக்கு அதிகாரம் இருக்கிறது.

மாந்தோப்பு_பர்கூர்:
வக்கீல் சார், தற்காப்பு உரிமையும் அதே நியாய சன்ஹிதாவில்தானே இருக்கிறது? 34லிருந்து 44ஆம் பிரிவு வரை முழுக்க அதுதான். அடி விழும்வரை காத்திருக்கச் சொல்லி எங்கேயும் இல்லை, நியாயமான அச்சம் வந்தாலே உரிமை தொடங்கிவிடுகிறது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது, ஆபத்து நேரில் வரும்போது கோழையாக ஓட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்று.

தூரக் கணக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் ட்யூலர் 1983இல் எழுதியது. கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியைக் கிட்டத்தட்ட ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான், அதற்குள் உறையிலிருந்து எடுத்துச் சுடுவதே கஷ்டம். 21 அடி என்பது ஒன்றரை கார் நீளம்தான். அந்த ஆள் அதைவிடக் கிட்டே இருந்தார். கை லுங்கிக்குள். நான் எப்போது தயாராக வேண்டும், கத்தி வெளியே வந்த பிறகா?

ஹவில்தார்_ஊத்தங்கரை:
ராணுவத்தில் இருந்துவிட்டு இப்போது வங்கிப் பண வண்டிக்குக் காவல் போகிறேன். ட்யூலர் கணக்கு உண்மை. ஆனால் அது நேரக் கணக்கு, சுடுவதற்கான அனுமதி இல்லை. 21 அடிக்குள் வருகிறவனையெல்லாம் தாக்க வருகிறவன் என்று வைத்துக்கொண்டால், பஸ் ஸ்டாண்டில் நாம் நடக்கவே முடியாது. அந்தக் கணக்கு சொல்வது ஒன்றுதான்: தூரத்தை நீங்கள் உண்டாக்க வேண்டும். நடுவில் காரை விடுங்கள். அவர் ஒரு பக்கம் வந்தால் நீங்கள் பானட்டைச் சுற்றி எதிர்ப் பக்கம் போங்கள். அப்பாவி என்றால் நின்ற இடத்திலிருந்தே பேசுவான். உங்களைச் சுற்றி வளைக்க முயன்றால் அவன் எண்ணம் தெரிந்துவிடும். அந்தத் தகவல் துப்பாக்கியைத் தொடாமலே உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். இரண்டு பேர் இருக்கும்போது பிடியில் ஒரு கையை வைத்தால் உங்களுக்கு மிச்சம் ஒரு கைதான். பின்னால் வந்தவன் அந்தக் கையை அமுக்கினால் ரிவால்வர் அவனுடையது. பண வண்டி வேலையில் எங்களுக்கு முதல் பயமே அதுதான். அடுத்தது, அவருக்குப் பின்னால் என்ன இருந்தது? லாரி. அதற்கு அடியில் கிளீனர் பையன்கள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். இருட்டில் குறி தப்பிய தோட்டா எங்கே போகும் என்று யோசித்தீர்களா?

ஆனால் ஒன்றில் உங்களோடு நிற்கிறேன். "அங்கேயே நில்லு" என்று சத்தம் போட்டது சரி. முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்ததும் சரி. முக்கால்வாசிப் பேர் அதைக் கூடச் செய்வதில்லை.

தொப்பூர்_டிரைவர்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த லுங்கிக்காரர் இடத்தில் நான் நின்றிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். தொப்பூர் கணவாய் இறங்கும்போது வண்டியில் பிரேக் சூடாகி ஓரம் கட்டினால், செல்லில் சார்ஜ் இருக்காது, கையில் காசு இருக்காது. கிளீனரும் நானும் இரண்டு பேராகத்தான் போய் உதவி கேட்போம். தனியாகப் போனால் எங்களுக்கும் பயம். லுங்கி மடிப்பில்தான் பீடிக்கட்டு, காசு, செல்போன் எல்லாம். கை அங்கேதான் இருக்கும். பாதி நேரம் என்னோடு வரும் கிளீனருக்குத் தமிழே வராது, ஒடியாக்காரப் பையன். அவன் டிக்கிப் பக்கம் போவது எதற்கு என்றால், நம்பர் பிளேட்டைப் பார்த்து எந்த ஊர் வண்டி என்று தெரிந்துகொள்ள.

2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியதை நம்பி, போளூர் பக்கத்தில் குலதெய்வம் கோயிலுக்குப் போன குடும்பத்தை அடித்தார்கள். பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். வயதான அம்மா செத்தே போனார். ஊத்தங்கரையிலிருந்து ரொம்ப தூரமில்லை. அங்கே கூடியவர்கள் எல்லோரும் "நியாயமான அச்சம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால்?

மாந்தோப்பு_பர்கூர்:
தொப்பூர் தம்பி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் ஹோட்டல் முன்னால் டீக்கடை திறந்திருந்தது, பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உதவி வேண்டுகிறவர் வெளிச்சத்தில் இருக்கிற பத்துப் பேரை விட்டுவிட்டு, இருட்டில் பையோடு வருகிற ஒருவனிடம் ஏன் கேட்கிறார்? பெட்ரோல் தீர்ந்த பைக் எங்கே? நான் ஆளைப் பார்த்துச் சந்தேகப்படவில்லை, லுங்கியையோ பாஷையையோ பார்த்தும் சந்தேகப்படவில்லை. நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தேன். போளூரில் அடித்த கும்பலோடு என்னைச் சேர்க்காதீர்கள். நான் ஒருத்தரைக் கூடத் தொடவில்லை.

தொப்பூர்_டிரைவர்:
வெளிச்சத்தில் கேட்டால் டீக்கடைக்காரர் விரட்டுவார், அதனால்தான் அண்ணா. நீங்கள் திருடன் என்று நினைக்கிற ஒவ்வொரு அடையாளத்துக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவே இல்லை.

ஓசூர்_கார்த்தி:
ரெண்டு பேரையும் பிடித்துக் கட்டிப் போட்டுவிட்டு போலீஸுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். துப்பாக்கி இருந்தும் விட்டுவிட்டீர்களே.

வக்கீல்_தருமபுரி:
கார்த்தி தம்பி, தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். தனி ஆள் இன்னொருவரைப் பிடிக்கலாம் என்று பிஎன்எஸ்எஸ் (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 40ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தை அவர் உங்கள் கண்ணெதிரே செய்திருக்க வேண்டும், அல்லது தேடப்படும் அறிவிக்கப்பட்ட குற்றவாளியாக இருக்க வேண்டும். பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். காசு கேட்டவர் என்ன குற்றம் செய்தார்? கட்டிப் போட்டவர்தான் உள்ளே போவார்.

மாந்தோப்பு சாருக்கு: தர்ஷன் சிங் தீர்ப்பை நீங்கள் சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் அதே நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. உயிரை எடுக்கும் அளவுக்கு உரிமை நீள்வது மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற அச்சம் இருந்தால் மட்டும். சொத்து என்றால் கொள்ளை, ராத்திரியில் வீடு புகுதல், தீவைப்பு மாதிரி. சாதாரணத் திருட்டுக்கு, அதிலும் உயிருக்கு ஆபத்தில்லாதபோது, கிடையாது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் பேசுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். புளோரிடா 2005இல் கொண்டுவந்த, பின்வாங்கத் தேவையில்லை என்கிற "நின்ற இடத்திலேயே நில்" சட்டம் அங்கேதான் செல்லும். இங்கே தற்காப்பு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்கும் பொறுப்பையும் சுமக்க வேண்டும்.

காவேரிப்பட்டணம்_டீச்சர்:
நான் துப்பாக்கி வைத்திருப்பவள் இல்லை. டியூஷன் முடித்து ராத்திரி ஸ்கூட்டியில் வருகிறவள். நீங்கள் சொன்ன அந்தத் திடல் மாதிரி இடத்தை நாங்கள் தினமும் கடக்கிறோம், அதனால் கேட்கிறேன். அண்ணா, அன்றைக்கு இடுப்பில் அது இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

லாரி மறைவிலிருந்து ஆள் வந்ததுமே திரும்பி ஹோட்டலுக்குள் போயிருப்பீர்கள். கல்லாவில் இருப்பவரிடம் சொல்லி ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். நான் அப்படித்தான் செய்வேன். வண்டிக்குப் பக்கத்தில் யாராவது நின்றால் வண்டிக்கே போக மாட்டேன். வெளிச்சத்திலேயே நின்று 112க்கு அடிப்பேன், இல்லையென்றால் காவல் உதவி ஆப்பை அழுத்துவேன். இது கோழைத்தனம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. துப்பாக்கி இருந்த தைரியத்தில்தான் நீங்கள் அவர்களை நோக்கி நடந்தீர்கள். அதில்லாத நாங்கள் போகாத தூரத்துக்கு அது உங்களைக் கொண்டுபோய் விட்டது. எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

மாந்தோப்பு_பர்கூர்:
டீச்சரம்மா, நல்ல கேள்வி. ஆனால் நான் திரும்பிப் போயிருந்தால் பணமும் காரும்? என் கையில் இருந்தது என் பணம் மட்டும் இல்லை. பெங்களூரா மாம்பழம் கொடுத்த இருபது விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்ய வேண்டிய பணம். அதை விட்டுவிட்டு உள்ளே ஓடு என்பது எளிது. அதோடு, அவர் மறைவிலிருந்து வெளியே வரும்போதே நான் கார் கதவுக்கு ஐந்து அடியில் இருந்தேன். முதுகைக் காட்டித் திரும்புவதுதான் அந்த நேரத்தில் ஆபத்து.

காவேரிப்பட்டணம்_டீச்சர்:
இருபது பேர் பணம் என்பதால்தான் இன்னும் கேட்கிறேன். இருட்டில் தனியாக அதை எடுத்துப் போனதே ஏன்? மண்டியிலிருந்து வங்கிக்கணக்கில் போட முடியாதா?

மாந்தோப்பு_பர்கூர்:
சில விவசாயிகள் கையில்தான் கேட்பார்கள் அம்மா. சீசனில் கூலி கொடுக்க வேண்டும்.

தளி_ராகித்தோட்டம்:
பயிர்க் காவலுக்கு ஒற்றைக்குழல் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து. ஜவளகிரி காட்டிலிருந்து யானை வந்தால் ராகியை விட மாட்டாது. பரணில் உட்கார்ந்து பட்டாசு போட்டு, தகரம் தட்டி, சத்தம் போட்டுத்தான் விரட்டுகிறோம். துப்பாக்கி பக்கத்தில் கிடக்கும், தொடவே மாட்டோம். யானையைச் சுட்டால் ஜெயில் என்பது வேறு. காயப்பட்ட யானை ஊரையே துவைத்துவிடும் என்பதுதான் பெரியவர்கள் சொன்னது.

பர்கூர் அண்ணா சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். முறையாக வாங்கி, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீதோடு திருப்பி வாங்குகிற நம்மைத்தான் எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள். ஆனாலும் கை அதன்மேல் போனதை நான் ஏற்க மாட்டேன் அண்ணா. சத்தம் போட்டதே போதும். அவர்கள் திரும்பிப் போனது சத்தத்துக்கா உறைக்கா என்று உங்களுக்கே தெரியாது.

மாந்தோப்பு_பர்கூர்:
தெரியாதுதான். ஆனால் சத்தத்துக்கு மட்டும் போகவில்லை என்றால், அடுத்த இரண்டு நொடியில் நான் என்ன செய்திருப்பேன்? இதற்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

ஹவில்தார்_ஊத்தங்கரை:
நான் சொல்கிறேன். பின்னால் நகர்ந்து கார் கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் பையைப் போட்டுவிட்டு, வெளிச்சத்தை நோக்கி நகர்ந்துகொண்டே கத்தியிருப்பீர்கள். கத்தி வெளியே வந்தால், அப்போது எடுங்கள். அதுவரை எடுக்கவோ காட்டவோ கூடாது. எங்களுக்குப் பயிற்சியில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: எடுத்தால் சுட வேண்டியிருக்கும் என்கிற நிலையில் மட்டுமே எடு. மிரட்ட எடுக்காதே.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டுமா, இந்தியா முழுக்கவா? மாம்பழ வியாபாரம் என்றால் பெங்களூரு போவீர்கள். மாநில லைசென்ஸோடு கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி தாண்டினால் அதுவே தனி வழக்கு.

மாந்தோப்பு_பர்கூர்:
தமிழ்நாட்டுக்கு மட்டும்தான் சார். பெங்களூரு போகும்போது வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போவேன்.

வக்கீல்_தருமபுரி:
கடைசியாக ஒரு கேள்வி. ஸ்டேஷனில் எதுவும் எழுதிக் கொடுத்தீர்களா?

மாந்தோப்பு_பர்கூர்:
இல்லை சார். ஒன்றும் நடக்கவில்லையே, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

வக்கீல்_தருமபுரி:
நாளைக்கே போங்கள். தேதி, நேரம், இடம், இரண்டு பேரின் அடையாளம், பெட்ரோல் கேட்டது, பைக் இல்லாதது, நீங்கள் பிடியில் கை வைத்தது உட்பட எல்லாம் எழுதுங்கள். எதையும் மறைக்காதீர்கள், குறிப்பாகக் கை வைத்ததை. சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கியதற்கான ரசீது, இல்லாமல் வெளியே வராதீர்கள். அவர்கள் நிஜமாகவே திருடர்கள் என்றால் அடுத்த ஆளுக்கு உதவும். தொப்பூர் தம்பி சொன்ன மாதிரி வண்டிக்காரர்கள் என்றால், அவர்கள் புகார் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் தரப்பு பதிவாகியிருக்கும்.

தொப்பூர்_டிரைவர்:
எழுதும்போது லுங்கி கட்டியவர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள் அண்ணா. இந்த ரோட்டில் பாதிப் பேரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். உயரம், சட்டை நிறம், எந்தப் பக்கம் நடந்து போனார்கள் என்று எழுதுங்கள். அந்த நேரத்தில் அங்கே பழுதாகி நின்ற வண்டி ஏதாவது இருந்ததா என்று ஹோட்டல்காரரிடமும் கேளுங்கள்.

காவேரிப்பட்டணம்_டீச்சர்:
ஹோட்டல் சிசிடிவியை நாளைக்கு வரை விடாதீர்கள். பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிவிடும். இப்போதே போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மாந்தோப்பு_பர்கூர்:
பேசிவிட்டேன். பின்பக்கத் திடலுக்கு கேமரா இல்லையாம். முன்வாசல் கேமராவில் ரோட்டுக்குப் போகும் வழி தெரியுமாம், எடுத்து வைக்கிறேன் என்றார். காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். கை வைத்ததையும் எழுதுகிறேன் வக்கீல் சார். அதில் மறைக்க ஒன்றுமில்லை, நான் சரியென்று நினைத்துத்தான் செய்தேன்.