புதுப்பிப்பு: உடற்கூறியலும் வேதியியலும் ஒரே செமஸ்டரில்

போன முறை ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் முடிக்க வேண்டிய பாடங்களில், உடற்கூறியல்-உடலியங்கியல் முதல் பகுதியையும் வேதியியலையும் ஒரே செமஸ்டரில் எடுக்கலாமா என்று. பலர் வேண்டாம் என்றீர்கள். எடுத்தேன், இரண்டிலும் தேறிவிட்டேன்.

206 எலும்புகளின் பெயர்கள்தான் படுத்தும் என்று பயந்தேன். லேபில் மாதிரி எலும்புகளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்ததிலேயே அவை மனதில் பதிந்தன. மணிக்கட்டு எலும்புகள் எட்டு மட்டும் கடைசி வரை குழப்பின. உண்மையில் திணறியது நரம்புச் செல்லில். அது சைகை அனுப்பும்போது சோடியம் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள்) உள்ளே பாய்வதும் பிறகு பொட்டாசியம் வெளியேறுவதும் மூன்று வாரமாகப் புரியவே இல்லை. வேதியியல் வகுப்பில் அயனிகள் பற்றிய பாடம் வந்த பிறகுதான் சட்டென்று பிடிபட்டது. எனக்கு இரண்டையும் சேர்த்து எடுத்தது நல்லதாகவே போயிற்று. ஆனால் வேலைக்கும் போகிறவர்கள் யோசியுங்கள். அந்த நான்கு மாதமும் நான் வார இறுதி வேலையை விட்டிருந்தேன்.

அப்புறம், கல்லூரி ஆலோசகரைப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. அறிவியல் பாடங்கள் முடித்து ஐந்தாண்டு கடந்துவிட்டால் சில கல்லூரிகள் ஏற்பதில்லை என்று அங்கேதான் தெரிந்தது. என் பழைய உயிரியலை மறுபடி எடுக்கிறேன். அதன் பிறகு உடற்கூறியல்-உடலியங்கியல் இரண்டாம் பகுதியும் நுண்ணுயிரியலும்.