தோட்டத்துல கேமரா கேபிள்: மோட்டார் ஒயர் போற பைப்புலயே விடலாமுங்களா?

கோபி_தோப்பு:
தென்னந்தோப்புக்குள்ள வீடு. நாலு ஐபி கேமரா, எல்லாமே பிஓஇ (நெட் கேபிள்லயே கரண்டும் போற வகை). மூணு வீட்டைச் சுத்தித்தான், எதுவும் 40 மீட்டர் தாண்டாது. நாலாவது இட்டேரி முனையில. கேபிள் போற வழியா அளந்தா 130 மீட்டர். அதே வழியில போர் மோட்டாருக்கு 3 ஃபேஸ் கேபிள் 2 இஞ்ச் பைப்புல போகுது, உள்ள இடமும் இருக்குது. அதுலயே கேட்-6 நெட் கேபிளை விட்டுடலாம்னு வயரிங்காரர் சொல்றாருங்க. இட்டேரி முனையில லைட்டுக்கு 230 வோல்ட் இருக்குது.

பெருந்துறை_நெட்:
அந்தப் பைப்புல வேண்டவே வேண்டாமுங்க. படம் விட்டு விட்டு வர்றது சின்ன விசயம். மோட்டார் கேபிள் தோல் உரிஞ்சா 415 வோல்ட் நேரா உங்க நெட்வொர்க் ஸ்விட்சுக்கே (கேமரா கேபிளெல்லாம் வந்து சேர்ற பெட்டி) வந்துரும். தனிப் பைப், பக்கத்துல போனா ஒரு அடியாவது தள்ளி. குறுக்கே தாண்டணும்னா நேர்க்குறுக்கா தாண்டுங்க.

அடுத்தது தூரம். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. 250 மீட்டர் போகும்னு ஸ்விட்சுல ஒரு பட்டன் இருக்கும். அதைப் போட்டா வேகம் 10 எம்பிபிஎஸ்ஸா எறங்கிரும், கரண்டும் வழியிலயே கொறையும். முனையில கரண்ட் இருக்கறப்ப அந்த வம்பு எதுக்கு? சிங்கிள் மோட் ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போட்டு, ரெண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரை நெட் கேபிளோட சேக்கற பெட்டி), அங்க கேமராவுக்குக் கரண்ட் குடுக்க ஒரு பிஓஇ இன்ஜெக்டர். கன்வர்ட்டர் ஏ, பி ஜோடியா வாங்கணும். ரெண்டும் ஏ-வா இருந்தா லிங்க் வராது. ஃபைபர் முனையைக் கேபிள் டிவிக்காரரே ஸ்ப்ளைஸ் பண்ணி (ஒட்டி) குடுத்துருவாரு. இன்னொரு லாபம், இடி இறங்கினா ஃபைபர் வழியா வீட்டுக்குள்ள வராது. ஆனா டிராப் கேபிள்ல (வீட்டுக்கு இழுக்கற ஃபைபர் கேபிள்) கூட வர்ற இரும்புக் கம்பியை ரெண்டு முனையிலயும் வெட்டி விட்டுருங்க, எதையும் தொடக்கூடாது.

காங்கேயம்_கேபிள்:
மத்த மூணுக்கும் முழுச் செம்புக் கேபிளான்னு பாத்து வாங்குங்க. பிளேடால கம்பியைச் சுரண்டினா உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம். தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பகல்ல நல்லாத்தான் ஓடும். இருட்டினதும் ஐஆர் லைட் (ராத்திரி படம் எடுக்கற கேமரா விளக்கு) எரியறப்ப கரண்ட் பத்தாம கேமரா ரீஸ்டார்ட் ஆகிட்டே கெடக்கும். கேமராவைக் கொறை சொல்லி மாத்திட்டு இருப்பாங்க, கோளாறு ஒயர்ல இருக்கும்.

வெயில் படற எடத்துல கருப்புத் தோல் அவுட்டோர் கேபிள்தான். கேமராவுக்கு ஏர்றதுக்கு முன்னாடி கீழே ஒரு வளைவு தொங்க விடுங்க, மழைத்தண்ணி அங்கயே சொட்டிரும். கனெக்டர் ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள இருக்கணும்.

கோபி_தோப்பு:
ஃபைபரே போட்டுடறனுங்க. பைப் எத்தனை ஆழம்?

பெருந்துறை_நெட்:
32 எம்எம் எச்டிபிஇ, 2 அடி ஆழம், வரப்பு ஓரமா. ரொட்டவேட்டர் அந்த ஆழத்துக்கு எறங்காது. பயமெல்லாம் தென்னைக்குப் பாத்தி வெட்டற மம்பட்டிதான். கருப்புப் பைப்பைப் பாத்தா சொட்டுநீர்க் கொழாய்னு நினைச்சுக் கொத்திப் போடுவாங்க, அதனால மேல ஒரு வரிசை செங்கல் பரப்பி மூடுங்க. உள்ள நைலான் கயிறு ஒண்ணு சேத்து விட்டுட்டா பின்னால இழுக்க ஆகும். ரெண்டு வாயையும் ஸ்டீல் ஸ்க்ரப்பர் திணிச்சு அடைங்க, இல்லீன்னா எலி குடியேறிரும்.

மண்ணு மூடறதுக்கு முன்னாடியே லிங்க் பாத்துக்குங்க. கேமரா போர்ட் 100 எம்பிபிஎஸ்னு காட்டினா சரி. 10 காட்டினா ஃபைபரைத் தோண்டிப் பாக்க வேண்டாம், கன்வர்ட்டருக்கும் கேமராவுக்கும் நடுவுல இருக்கற கிரிம்பிங்கை (நெட் கேபிள் முனையில கனெக்டர் அமுக்கின எடம்) பாருங்க.